எண்ணெயில் தெரியும் நிறம் சோப்பில் நிற்குமா?

மூலிகை சோப்பு செய்யக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது செம்பருத்தி சிவப்பு. நானும் முதலிலேயே சொல்லிவிடுவேன்: அது வராது. செம்பருத்தியின் சிவப்பு தண்ணீரில் கரைகிற நிறம், எண்ணெயில் இறங்காது. பொடியாகப் போட்டாலும் காஸ்டிக் சோடா (எண்ணெயைச் சோப்பாக்குகிற காரம்) பட்டதும் பழுப்பாகிவிடும். பீட்ரூட்டும் அப்படித்தான். அதனால் பளீரென்ற ரோஸ் நிற சோப்பை "செம்பருத்தி நிறம்" என்று யாராவது விற்றால், வேறு என்ன சாயம் சேர்த்தீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள்.

எண்ணெயில் ஊறவைத்து நிறம் எடுக்க எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று ஜாப்ரா விதை (அன்னாட்டோ). எண்ணெயை ஆரஞ்சாக்கும், சோப்பிலும் மஞ்சள், ஆரஞ்சு என்று நம்பிக்கையாக நிற்கும். இன்னொன்று தலைக்கு எண்ணெய் காய்ச்சப் போடுகிற வேம்பாளம்பட்டை. எண்ணெயில் ரத்தச் சிவப்பாக இருக்கும். காஸ்டிக் கரைசலை ஊற்றிக் கலக்கினால் அந்தச் சிவப்பு மறைந்து சாம்பல் கலந்த நீலமோ ஊதாவோ ஆகும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கெட்டுப்போனதென்று பயந்துவிடுவார்கள். கெடவில்லை, அந்த நிறப்பொருள் காரத்தில் ஊதாவாக மாறும், அவ்வளவுதான். மஞ்சளும் காரத்தில் செங்காவி பக்கம் போகும், வெளிச்சத்தில் வெளுக்கும். குப்பைமேனி, வேப்பிலை, துளசி தருகிற பச்சையும் அதிக நாள் நிற்காது, மெல்ல மெல்ல பழுப்பேறும்.

மூலிகை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் கெடும், பூஞ்சையும் பிடிக்கும். காய்ந்ததை எண்ணெயில் போட்டு, பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து மிதமான சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டால் போதும். நேரடித் தீயில் பொரித்தால் நிறமும் கருகும். அப்புறம் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மண்டி தங்கினால் சோப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ரொம்பப் பேர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த படியில்தான். மூலிகை எண்ணெயைக் குடித்துவிடும். 500 கிராம் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வடிகட்டினால் 460 கிராம்தான் கிடைக்கிறது என்று வையுங்கள். 500 கிராமுக்கு, 5 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி கணக்குப் போட்டால் காஸ்டிக் சோடா சுமார் 87 கிராம். ஆனால் 460 கிராம் எண்ணெய் சுமார் 84 கிராமைத்தான் முழுதாக எடுத்துக்கொள்ளும். மீதி காஸ்டிக் சோப்பிலேயே தங்கி தோலை எரிக்கும். ஆகவே வடிகட்டிய பிறகு எடை போடுங்கள், அந்த எடைக்குக் கணக்குப் போடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, காஸ்டிக்கைத் தண்ணீரில் போடுவது (தண்ணீரை அதன்மேல் ஊற்றக்கூடாது), அலுமினியப் பாத்திரம் தொடாதது, இதெல்லாம் தெரிந்ததுதான். மூலிகை என்பதற்காக இதில் எதுவும் தளராது.

எவ்வளவு நிறம் வேண்டும்? மொத்த எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு ஊறவைத்த எண்ணெயாக இருந்தால் இளநிறம், கூட்டக் கூட்ட அடர்த்தி. நுரை வெள்ளையாக இல்லாமல் நிறம் காட்டினால் அளவைக் குறையுங்கள், துண்டில் கறை படியும். புதிதாக ஒரு மூலிகையை எடுத்தால், முதலில் ஒரே ஒரு கட்டிக்கு மட்டும் செய்து, பாதியை ஜன்னலோரத்திலும் பாதியை இருட்டிலும் வையுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் காய வைக்கிற காலத்தில் எது வெளுக்கிறது என்று தெரிந்துவிடும்.

விற்பனைக்குச் செய்தால் இன்னொன்று. சேர்த்த மூலிகைகளின் பெயர்களை லேபிளில் எழுதுங்கள், அலர்ஜி உள்ளவர்களுக்கு அது அவசியம். "படை, சொறி குணமாகும்" என்று மட்டும் எழுதாதீர்கள். தேய்த்த அரை நிமிடத்தில் கழுவிவிடுகிற பொருள் இது, தோல் நோய்க்கு டாக்டரிடம்தான் போக வேண்டும்.