டெலிவரி கிட்: பேறுகாலப் பை

வெள்ளத்திலும் போரிலும் ஊர் கலைந்து கிடக்கும் இடங்களுக்கு உதவப் போகிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் 'டெலிவரி கிட்'. மும்பை தாராவியில் தமிழ்ப் பெண்களுக்கு ஒரு கையேடு எழுத உட்கார்ந்தபோது இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். நண்பர் ஒருவர் 'மகப்பேற்றுக் கருவித் தொகுப்பு' என்றார். கேட்டால் ஆபரேஷன் தியேட்டர்தான் ஞாபகம் வருகிறது.

உள்ளே இருப்பது என்னவோ சோப்பு, பிளாஸ்டிக் விரிப்பு, உறை பிரிக்காத பிளேடு, தொப்புள்கொடி கட்ட நாடா, பிள்ளையைச் சுற்றத் துணி, கையுறை. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத நிறைமாதப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். பிளேடு சுத்தமில்லை என்றால் கொடி வழியே பிள்ளைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) வரலாம். கர்ப்பிணிகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குச் சிக்கல் வரும் என்று கணக்கு வைத்துத்தான் பேரிடர்க்காலத் திட்டம் போடுகிறார்கள். அவர்களுக்கு இது போதாது, டாக்டரும் ரத்தமும் வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'கிட்' பழைய டச்சு மொழியில் பலகைகளை வளையமிட்டுச் செய்த மரப் பாத்திரம். ஆங்கிலத்தில் அது சிப்பாயின் சாமான் மூட்டையாகி, அப்புறம் எல்லா மூட்டைக்கும் பெயரானது. 'டெலிவரி'யின் வேர் லத்தீனில் விடுவித்தல். நம் 'பேறு' வேறு பக்கம் பார்க்கிறது: பெறு என்பதிலிருந்து பேறு. அங்கே சுமை இறங்குகிறது, இங்கே ஒன்று கைக்கு வருகிறது. பாக்கியத்துக்கும் பேறு என்றுதானே சொல்கிறோம்.

'பெட்டகம்' என்று வைக்கலாமா? தமிழ்நாடு அரசு 2015இல் பிரசவமான தாய்மாருக்கு 16 பொருள்களோடு கொடுக்கத் தொடங்கியது 'குழந்தை நலப் பரிசுப் பெட்டகம்'. பரிசுக்குப் பொருத்தம்தான். ஆனால் பெட்டகம் என்றால் பெரிய மரப்பெட்டி. இடுப்பளவுத் தண்ணீரில் அதைத் தூக்கிக்கொண்டு யார் நடப்பது?

விடை எங்கள் சந்திலேயே இருந்தது. 2005 ஜூலை 26, மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. பக்கத்து வீட்டு ஆச்சி, திருநெல்வேலிப் பக்கம், அதைச் சொல்லும்போது, "பேறுகாலத்துக்கு நாள் நெருங்கின பிள்ளைய எங்க தூக்கிட்டுப் போக? புது பிளேடு, கொதிக்க வச்ச நூலு, பழஞ்சேலை எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு ஆணியில மாட்டி வச்சேன்" என்றார்.

பேறுகாலம், பை. இரண்டும் அவர் வாயிலேயே இருந்தன. பேறுகாலப் பை என்று எழுதிவிட்டேன். சேர்த்து எழுதும்போது 'ப்' விட்டுப்போகக் கூடாது. எடுத்துக்காட்டு: 'பேறுகாலப் பையை ஈரம் படாத உயரத்தில் மாட்டுங்கள், கொடியை வெட்டப் போகும்வரை பிளேடின் உறையைப் பிரிக்காதீர்கள்.'

ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். சொல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "சோப்ப ஏன்டே கடைசியில எழுதிருக்க? கை கழுவாம பிளேட தொடுவியா?" என்றார். முதலாவதாக மாற்றிவிட்டேன்.