களாக்காயா, பலாக்காயா?

போன வாரம் 400 ரூபாய்க்கு இருந்த நாடக டிக்கெட் இன்று 1000. அரங்கம் அதே, சீட்டும் அதே. தாமதமாக வந்ததற்கு அபராதம் போடுகிறார்கள் என்றுதான் தோன்றும். விற்பவர் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் கணக்கு வேறு.

திரை விலகிய அடுத்த நிமிடம் காலி சீட்டுக்கு மதிப்பே கிடையாது. மல்லிகைப்பூவாவது ராத்திரி வரை தாங்கும். விமான சீட்டும் இப்படித்தான். அதனால் இந்தக் கணக்கு அங்கிருந்துதான் வந்தது. பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் 1972-ல் இதற்கு ஒரு விதி சொன்னார்.

கிடைக்கப்போகும் பலாக்காயைவிடக் கையிலிருக்கும் களாக்காய் மேல் என்போம். எப்போது மேல் என்பதுதான் லிட்டில்வுட்டின் கேள்வி. களாக்காய் 400, பலாக்காய் 1000. 400-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.4. அதாவது, 1000 கொடுக்க ஆள் வரும் வாய்ப்பு பத்துக்கு நாலுக்கு மேல் இருந்தால் சீட்டைப் பூட்டி வை. குறைந்தால் 400-க்கே கொடுத்துவிடு.

இதை ஒவ்வொரு சீட்டாகப் பார்க்க வேண்டும். கடைசி வாரத்தில் ஒருவராவது வருவாரா? நிச்சயம் வருவார், முதல் சீட்டைப் பூட்டலாம். 50 பேராவது? பத்துக்கு ஆறு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம்; பூட்டலாம். 70 பேர்? பத்துக்கு நாலு. சரி, அங்கேயே நிறுத்து. 70 போக மீதி எல்லாம் 400-க்குப் போகும். அது தீர்ந்த பிறகு எட்டிப் பார்ப்பவர் கண்ணில் 1000 மட்டும்தான் படும்.

ஆக, விலையை ஏற்றுவது காலண்டர் அல்ல, மலிவு சீட்டுகளுக்கு ஒதுக்கிய பங்கு தீர்ந்துபோவது. ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் 2016 செப்டம்பரில் வந்த முறையில் இது அப்பட்டமாகத் தெரிந்தது: 10 சதவீத இடங்கள் விற்கும்போதெல்லாம் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும், உச்சம் அப்போது பெரும்பாலான வகுப்புகளில் ஒன்றரை மடங்கு. அப்புறம் எதற்கு 'இந்தத் தேதி வரை சலுகை' என்ற அறிவிப்பு? மலிவுப் பங்கில் மிச்சம் இருந்தால், கடைசியில் வரும் காசுள்ளவரும் அதையே வாங்கிவிடுவார். அவருக்குப் போட்ட வேலி அது.

இத்தனையும் ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது: கடைசியில் வருபவர் காசு கொடுக்கத் தயங்கமாட்டார். அவசர வேலைக்குப் பறப்பவர் விஷயத்தில் சரி. நாடகத்துக்கு? மாலைப்பொழுதைக் கழிக்க இடம் தேடுபவரும் கடைசியில்தான் வருவார். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் 1973 முதல், அன்றைக்கு மீந்த பிராட்வே டிக்கெட்டுகளைத் தள்ளுபடியில் விற்கும் கவுன்டரே இருக்கிறது.

வாங்கிய டிக்கெட்டை மறுபடி விற்பவர் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்க பேஸ்பால் மறுவிற்பனையில், ஆட்ட நாள் நெருங்க நெருங்க விலை இறங்குவதே வழக்கம். கையில் இருப்பது இரண்டே டிக்கெட். மூன்று வாரம் முன்பு, இனிமேல் வரப்போகிறவர்கள் ஏராளம், பலாக்காய்க்குக் காத்திருக்கலாம். ஆட்டத்தன்று மதியம் இனி யார் வரப்போகிறார்கள்? களாக்காய் விலைக்கு யாராவது கேட்டாலே கொடுத்துவிடுகிறார்.