அலை அடிக்கும் பாறையில் பிடி தளராத மீன்

தென்கிழக்கு அலாஸ்காவிலிருந்து மெக்சிகோ வரை நீளும் பசிபிக் கரையில், ஓயாது அலை மோதும் ஆழமற்ற பாறைப் பகுதிகளில், கோபியசாக்ஸ் மீயாண்ட்ரிகஸ் என்னும் சிறு மீன் வாழ்கிறது. கிளிங்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்த இதன் உடலில் செதில்கள் கிடையாது. தலை அகன்று தட்டையாக இருக்கும். முழு வளர்ச்சி அடைந்தாலும் நீளம் சுமார் 16 செ.மீ.தான். பழுப்பும் பச்சையும் கலந்த அதன் நிறம் பாறையோடு ஒன்றிப்போவதால், கல்லைப் புரட்டிப் பார்ப்பவர் கண்ணுக்குக்கூட அது எளிதில் தென்படாது. கடல் வற்றும்போது ஈரமான கல்லின் அடியில் காற்றைச் சுவாசித்தபடியே அது காத்திருக்கும்.

மறைவிடம் மட்டும் இங்கே போதாது. அலை இழுத்துச் செல்லாதபடி பற்றிக்கொள்ளவும் வேண்டும். இடுப்புத் துடுப்புகளும் மார்புத் துடுப்புகளின் ஒரு பகுதியும் இணைந்து இம்மீனின் வயிற்றுப்புறத்தில் ஒரு வட்டத் தட்டாக அமைந்திருக்கின்றன. தட்டைப் பாறையில் அழுத்தியபின் அலை மீனை மேலே இழுத்தால், தட்டுக்கு அடியிலுள்ள நீரின் அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள அதிக அழுத்தம் மீனைப் பாறையோடு சேர்த்து அமுக்குகிறது. இந்த அழுத்த வேறுபாடு 0.2 முதல் 0.5 வளிமண்டலம் வரை இருப்பதாக அளந்திருக்கிறார்கள். அரை வளிமண்டலம் என்றால், தட்டின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ அரைக் கிலோ எடை அமுக்குவதற்குச் சமம்.

குளியலறைச் சுவரில் ஒட்டும் ரப்பர் கொக்கியும் இதே விதிப்படிதான் இயங்குகிறது. ஆனால் சொரசொரப்பான பரப்பில் அது நிற்காது: மேடுபள்ளங்களின் வழியே கசிவு ஏற்படும், இழுவிசை கூடும்போது விளிம்பு உள்நோக்கி வழுக்கும், வழுக்கிய கணமே பிடி விட்டுப்போகும். ஆகவே உறிஞ்சும் விசையைக் காட்டிலும் விளிம்பின் உறுதியே இங்கே முக்கியமானது என்று கூற வேண்டும்.

கிளிங்ஃபிஷின் தட்டு விளிம்பு மிக மென்மையானது என்பதால் பாறையின் பள்ளங்களுக்குள் படிந்து கசிவை அடைத்துவிடுகிறது. அந்த விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்தால், ஓடு பதித்த தரையைப் போல் நெருக்கமாக அமைந்த சின்னஞ்சிறு மேடுகள் தெரியும். அவற்றின் மீது நுண்ணிய தண்டுகளும், தண்டுகளின் நுனியில் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள இழைகளும் இருக்கின்றன. பல்லியின் விரலடியில் காணப்படும் இழைகளை ஒத்த இந்த அமைப்பு உராய்வை மிகுதியாக்கி, விளிம்பு உள்ளே வழுக்காமல் தடுக்கிறது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆடம் சம்மர்ஸ் உள்ளிட்டோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கண்ணாடி போன்ற வழவழப்பான பரப்பிலும், உப்புத்தாளின் சொரசொரப்பை அச்செடுத்த பரப்புகளிலும் மீனை ஒட்டவைத்துக் கருவியால் இழுத்தபோது, அதன் உடல் எடையைப்போல் 80 முதல் 230 மடங்கு வரை விசை தேவைப்பட்டது. வழவழப்பான பரப்பைவிடச் சொரசொரப்பான பரப்பில்தான் பிடி வலுவாக இருந்தது. சோதிக்கப்பட்டவை உயிரற்ற மீன்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தசையின் முயற்சியே இல்லாமல், உறுப்பின் கட்டமைப்பு மட்டுமே அவ்வளவு விசையைத் தாங்கியிருக்கிறது. நுண்ணுயிர்ப் படலம் படிந்த வழுக்கலான பரப்புகளிலும் மீன் ஒட்டிக்கொள்வதைப் பின்னர் வந்த ஆய்வு உறுதிசெய்தது. கரைப் பாறைகள் உண்மையில் அப்படித்தானே இருக்கின்றன.

இந்த விளிம்பைப் பின்பற்றி, கரடுமுரடான பரப்பிலும் ஒட்டும் செயற்கை உறிஞ்சுதட்டுகளை அதே ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். திமிங்கிலங்களின் தோலைக் காயப்படுத்தாமல் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்துவது, அவர்கள் கருதும் பயன்பாடுகளுள் ஒன்று.