பாட்டு வெளியான பிறகு பிளேலிஸ்ட்டைத் தேடாதீர்கள்

"பாட்டு நேற்று வெளியாகிவிட்டது, எடிட்டோரியல் பிளேலிஸ்ட்டில் சேர்க்க என்ன செய்யணும்?" தளத்தின் எடிட்டர்களே தொகுக்கும் பட்டியலைப் பற்றி சுயாதீன இசைக் கலைஞர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். ஸ்பாட்டிஃபையில் என்றால், அந்தப் பாட்டை இனி பிட்ச் செய்ய, அதாவது எடிட்டர்களின் பரிசீலனைக்கு அனுப்ப, முடியாது. எடிட்டர்களுக்கான படிவம் 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸ்' கணக்குக்குள் இருக்கிறது. கட்டணம் கிடையாது, ஆனால் வெளியாகாத பாட்டை மட்டுமே அது ஏற்கும். அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஆல்பமாக இருந்தாலும் அதிலிருந்து ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன் அனுப்பிவிட்டால், எடிட்டர் கண்டுகொள்ளாவிட்டாலும் அந்தப் பாட்டு உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடாருக்கு, அதாவது ஒவ்வொருவருக்கும் தானாகவே உருவாகும் புதுப் பாட்டுப் பட்டியலுக்கு, போய்விடும். இந்த 7 நாளை நம்பி, வெளியீட்டுக்கு எட்டு நாள் முன்புதான் டிஸ்ட்ரிபியூட்டரிடம் (பாட்டைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனம்) பாட்டை ஏற்றுபவர்கள்தான் கோட்டை விடுகிறார்கள். அட்டைப்படத்தில் ஒரு பிழை, பாடியவர் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம், அல்லது அதே பெயருள்ள இன்னொருவரின் பக்கத்துக்குப் பாட்டு போய்ச் சேர்வது என்று எது நடந்தாலும், சரிசெய்யவே ஒரு வாரம் ஓடிவிடும். அதுவரை பிட்ச் படிவத்தில் பாட்டு தலைகாட்டாது. நான்கு வாரம் முன்னதாகவே ஏற்றிவிடுவது நல்லது.

படிவத்தில் இசை வகை, மனநிலை, கருவிகள், மொழி எல்லாம் கேட்பார்கள். இவற்றில் நேர்மைதான் லாபம். மெல்லிசைப் பாட்டை நடன வகையில் போட்டால் தவறான காதுகளுக்குப் போய், சில நொடிகளிலேயே தள்ளிவிடப்படும். பிறகு பாட்டைப் பற்றி எழுத 500 எழுத்துகள் தருவார்கள். பலர் அதை "இதயத்தைத் தொடும் பாடல்" என்று வீணடிக்கிறார்கள். இதயத்தைத் தொடுகிறதா என்பதை எடிட்டர் கேட்டுத் தெரிந்துகொள்வார். "தாலாட்டு மெட்டு, புல்லாங்குழலும் அகௌஸ்டிக் கிட்டாரும் மட்டும், இரவில் கேட்க ஏற்றது, வெளியீட்டு நாளில் வீடியோவும் வருகிறது" என்பது போல எழுதினால் எந்தப் பட்டியலில் வைக்கலாம் என்று அவருக்குப் புரியும். அமேசான் மியூசிக்கிலும் கலைஞர்களே பிட்ச் செய்யலாம். ஆப்பிள் மியூசிக்குக்குப் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத்தான் போகவேண்டும்.

ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம், அதாவது ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. அதற்காக எல்லாப் பாட்டின் முன்னிசையையும் வெட்டிப்போட வேண்டியதில்லை. பிட்ச் செய்யப்போகும் பாட்டில் மட்டும் குரல் எப்போது நுழைகிறது என்று பாருங்கள்.

அடுத்தது, ரசிகர்களே நடத்தும் பட்டியல்கள். இங்கேதான் கண்ணி. ஒரு பட்டியலில் ஆயிரக்கணக்கான ஃபாலோயர்கள் இருப்பதால் அது உயிரோடிருக்கிறது என்று அர்த்தமில்லை. அதிலுள்ள அறிமுகமில்லாத இரண்டு மூன்று கலைஞர்களின் பக்கத்துக்குப் போய், கேட்பவர்கள் அவர்களை எந்தப் பட்டியலில் கண்டெடுத்தார்கள் என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே அந்தப் பட்டியல் தென்படாவிட்டால் சந்தேகப்படுங்கள். கர்நாடக இசை, ராப், தியான இசை எல்லாம் ஒரே பட்டியலில் குவிந்திருந்தாலும் சந்தேகம்தான்.

"இத்தனை ஸ்ட்ரீம் உத்தரவாதம், இவ்வளவு பணம்" என்று யார் வந்தாலும் கதவைச் சாத்துங்கள். அந்த ஸ்ட்ரீம்கள் பெரும்பாலும் மனிதர்கள் கேட்டவை அல்ல, தானியங்கி நிரல்கள் (bots) ஓட்டியவை. 2024 முதல் ஒரு பாட்டுக்கு முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீம் இருந்தால்தான் ஸ்பாட்டிஃபையில் ராயல்டி கணக்கு தொடங்கும். அந்த எண்ணை எட்டும் அவசரத்தில்தான் பலர் சிக்குகிறார்கள். அதே ஆண்டிலிருந்து, அப்பட்டமான போலி ஸ்ட்ரீம் உள்ள பாட்டுகளுக்கு லேபிள்களிடமும் டிஸ்ட்ரிபியூட்டர்களிடமும் அபராதம் வசூலிக்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் அதை உங்கள் தலையில் கட்டலாம், பாட்டையே நீக்கவும் செய்யலாம்.

நீங்கள் கேட்காமலேயே உங்கள் பாட்டை இப்படியொரு பட்டியலில் சேர்த்துவிடுவதும் உண்டு. ஸ்ட்ரீம் திடீரென்று எகிறி, பாட்டைச் சேமித்துவைப்பவர்களின் எண்ணிக்கையும் ஃபாலோயரும் அசையாமல், கேட்பவர்கள் எல்லாம் தொடர்பில்லாத ஒரே ஊரில் குவிந்திருந்தால் அதுதான் அடையாளம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பட்டியலைப் பற்றி ஸ்பாட்டிஃபையிடம் புகார் கொடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்கும் அன்றே எழுதிவிடுங்கள். அபராத அறிவிப்பு வந்த பிறகு கொடுக்கும் விளக்கத்துக்கு மதிப்புக் குறைவு.

எடிட்டோரியல் பட்டியலில் இடம் கிடைத்தாலும் சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். அப்போது ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸில் ஸ்ட்ரீம்கள் எங்கிருந்து வருகின்றன என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். கேட்பவர்கள் தாங்களே சேமித்துவைத்த பாட்டுகளிலிருந்து வரும் பங்கு எந்தப் பாட்டுக்கு அதிகமோ, அந்தச் சாயலில் உள்ளதையே அடுத்து பிட்ச் செய்யுங்கள்.