எடை எங்கே போகிறது என்று ஷூ சொல்லும்

கோல்ஃப் ஆடுகிறவர்கள் முதுகு வலி என்று என்னிடம் வந்தால், முதுகைத் தொடுவதற்கு முன் அவர்களுடைய ஷூவைத் திருப்பிப் பார்ப்பேன். பிசியோதெரபிஸ்ட்டாக எனக்கு அதுதான் முதல் துப்பு. அப்படி வந்த ஒருவருக்கு 56 வயது, வலக்கை ஆட்டக்காரர். அவருடைய வலது ஷூவின் வெளி ஓரம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. இடது ஷூவோ கடையில் வாங்கியபடியே இருந்தது. உண்மையில் இடது காலின் வெளி ஓரமும் வலது காலின் நுனியும்தான் தேய்ந்திருக்க வேண்டும்.

"வெயிட்டை ரைட்டுக்கு மாத்தச் சொன்னாங்க, மாத்தினேன்" என்றார். கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையைக் கொடுத்து ஆடிக் காட்டச் சொன்னேன். பேக்ஸ்விங்கில், அதாவது கிளப்பைப் பின்னால் தூக்கும்போது, இடுப்பு திரும்பவே இல்லை. நாலு விரற்கடை வலப்பக்கம் நகர்ந்தது, அவ்வளவுதான். கோச்சுகள் இதை 'ஸ்வே' என்பார்கள்.

எடை மாற்றம் என்ற சொல்லே பலரைக் குழப்பிவிடுகிறது. மாற வேண்டியது பாதங்களின் அழுத்தம். தலையும் வயிறும் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். பந்தின் முன் நிற்கும்போது இரண்டு பாதத்திலும் பாதிப் பாதி. பேக்ஸ்விங்கில் இடுப்பு திரும்பும்போது முக்கால் பங்கு வலது பாதத்தின் உள்பக்கத்துக்கும் குதிகாலுக்கும் போகும். கை உச்சிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே அழுத்தம் இடது பாதத்துக்குத் திரும்பத் தொடங்கிவிடும். பந்தைத் தொடும் நேரத்தில் நல்ல ஆட்டக்காரர்களுக்கு முக்கால் பங்கு இடது காலில் இருக்கும்.

கிளப் உச்சியிலிருந்து பந்துக்கு இறங்கும் டவுன்ஸ்விங் சுமார் கால் வினாடிதான். அதற்குள் யோசித்துத் திருத்த முடியாது. வலது பாதத்துக்கு வெளியே சாய்ந்துவிட்டவர் திரும்பி வர நேரம் கிடையாது. கிளப் பந்துக்குப் பின்னால் தரையில் இடிக்கும், அல்லது பந்தின் தலையில் உரசும். அயர்ன் எனப்படும் இரும்புத் தலை கிளப்பால் அடிக்கும்போது, புல் பெயர்ந்த பள்ளம் பந்து இருந்த இடத்துக்கு முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும். முன்னால் விழுந்தால் சரி. வராத எடையை ஈடுகட்ட முதுகு வலப்பக்கம் வளைந்து பின்னால் சாயும். அவருக்கு வலித்தது அந்த இடம்தான்.

சரி, இடது காலுக்கு ஏன் வரவில்லை? நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால்களைச் சேர்த்து வைத்தபடி பாதங்களை ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் விலக்கச் சொன்னேன். வலது பாதம் நன்றாக விலகியது. இடது பாதம் அதில் பாதிகூட விலகவில்லை. இடது இடுப்பு மூட்டு இறுகிப்போயிருந்தது. இறுகிய மூட்டின்மேல் சுழல உடம்பு பயப்படும், அந்தக் காலையே தவிர்க்கும். இதைப் பார்க்காமல் "இடது பக்கம் வாங்க, வாங்க" என்று நூறு முறை சொல்லிப் பயனில்லை. 45 வயதுக்கு மேல் கோல்ஃப் கற்றுக்கொள்ள வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள் என்று கோச்சுகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

அவருக்கு இடது பாதத்தின் நுனியை இருபது, முப்பது டிகிரி வெளியே திருப்பி நிற்கச் சொன்னேன். மூட்டுக்குத் தினமும் பயிற்சி. பேக்ஸ்விங்கில் இடது குதிகால் எழும்பினால் எழும்பட்டும் என்றும் சொன்னேன். அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸ் அப்படித்தான் ஆடினார். 1986இல் 46 வயதில் மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டியில் பட்டம் வென்றவர் அவர்.

வீட்டில் முள் நகரும் எடை மெஷின் இரண்டு இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காலுக்கு ஒன்றாக ஏறி நில்லுங்கள். கிளப் இல்லாமல் மெதுவாக ஸ்விங் செய்து, முடிக்கும் நிலையில் அப்படியே நின்று முள்ளைப் பாருங்கள். 74 கிலோ எடையுள்ள அவருக்கு முதல் நாள் இடப்பக்க முள் 41இல் நின்றது. அநேகமாக முழு எடையும் அங்கே வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு வாளித் தண்ணீரைத் தூரத்துச் செடிக்கு வீசி ஊற்றிப் பாருங்கள். யாரும் கற்றுத்தராமலே கால் சரியாக வேலை செய்யும். அந்த உணர்வோடு கால்களைச் சேர்த்து வைத்து அரை ஸ்விங் ஆடுங்கள். தடுமாறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பிறகு முழு ஸ்விங். பந்து விழுந்து நிற்கும்வரை இடது காலில் அசையாமல் நிற்க வேண்டும்.

பழைய முழங்கால் காயம் உள்ளவர்கள் இடது காலை வெட்டி நிமிர்த்தாதீர்கள். அந்தக் காலுக்கு வரும் பளு சாதாரணமானதல்ல. 2008 யூஎஸ் ஓபன் கோல்ஃப் போட்டியை டைகர் உட்ஸ் இடது முழங்காலில் தசைநார் கிழிந்த நிலையில் வென்றார். உடனே அறுவை சிகிச்சை, அந்த ஆண்டின் மிச்ச ஆட்டங்கள் எல்லாம் போயின. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ கிளப்பைப் பையில் வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஆறு வாரம் கழித்து அவர் மறுபடி மெஷினில் ஏறி நின்றார். இடப்பக்க முள் 66.