கஸ்டர்ட் டார்ட்டுக்குக் கண்டம் ஓவனுக்கு வெளியேதான்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கும் பெண்கள் நிறையப் பேர். முறுக்கும் நெய்யுருண்டையும் பிடித்த கைகள் இப்போது கஸ்டர்ட் டார்ட் (மாவுக் கிண்ணத்தில் பாலும் முட்டையும் ஊற்றிச் சுடும் இனிப்பு) பக்கம் திரும்பியிருக்கின்றன. ஈப்போ காப்பிக் கடை எக் டார்ட்டை ருசி பார்க்காதவர் இங்கே யார்? அதிலே கொல்லையில் பறித்த பண்டான் (ரம்பை இலை), செராய் (எலுமிச்சைப் புல்), புதினா வாசத்தை ஏற்றினால் கேட்க வேண்டுமா! என் பேக்கிங் வகுப்பிலும் அதிகம் கேட்பது இதைத்தான். சந்தோஷமாகவே சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் அளவுகளை எழுதிக்கொள்கிற பேனா, சுத்தத்தையும் சூட்டையும் பற்றிப் பேச ஆரம்பித்ததும் நின்றுவிடுகிறது.

முதலில் இலை. தோட்டத்துச் சாலை ஓரத்தில் செராய் புதராக வளர்ந்து நிற்கும். பார்த்தால் கை சும்மா இருக்காது. அங்கே பறிக்காதீர்கள். செம்பனை வரிசைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் களைக்கு மருந்து அடிக்கிறார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டது உண்மைதான். அதற்காக மருந்து அடிப்பதே நின்றுவிடவில்லை. கிளைபோசேட் மாதிரியான மருந்து இலை வழியாக உள்ளே இறங்கிச் செடி முழுக்கப் பரவும். எத்தனை தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் உள்ளே போனது வராது. வீட்டு வாசலில் ஒரு தொட்டி பண்டான் போதும், வருஷம் முழுக்க வரும்.

சொந்தத் தொட்டி என்றாலும் கழுவத்தான் வேண்டும். பண்டான் இலைகள் அடியில் ஒன்றோடொன்று சேரும் இடத்தைப் பிரித்துப் பாருங்கள், மண் ஒட்டியிருக்கும். ஒவ்வோர் இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். மண்ணில் இருக்கும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதிக்கும் பாலிலும் சாவதில்லை. கழுவிக் குறைப்பதுதான் வழி.

வாசத்தைப் பாலில்தான் இறக்க வேண்டும். 300 மில்லி பால், 100 மில்லி கிரீம். ஓரத்தில் சின்னக் குமிழ் கட்டியதும் அடுப்பை அணைத்துவிட்டு, முடிச்சுப் போட்ட பண்டான் நான்கு இலையும் நசுக்கிய செராய் ஒரு தண்டும் போட்டு 20 நிமிடம் மூடி வையுங்கள். புதினா என்றால் 10 நிமிடமே அதிகம், கசந்துவிடும். வடிகட்டி, பாலை மறுபடி லேசாகச் சூடாக்கி, 70 கிராம் சீனியோடு கலக்கிய மூன்று முட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பச்சை இஞ்சிச் சாறு மட்டும் வேண்டாம். அதிலுள்ள என்சைம் பாலைத் திரிய வைக்கும். (அதையே வைத்துச் சீனர்கள் இஞ்சிப் பால் என்று அருமையான இனிப்பு செய்கிறார்கள், அது வேறு கதை.) பச்சை இலையை நறுக்கி மேலே தூவுவதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. படத்துக்கு அழகு; ஆனால் வேகாத இலையை ஈரமான கஸ்டர்ட் மேல் உட்கார வைப்பது கிருமிக்கு விருந்து.

மாவுக் கிண்ணத்தைத் தனியாகச் சுட்டுக்கொண்டு, கலவையை ஊற்றி 160 டிகிரியில் வையுங்கள். ஓரம் இறுகி நடு மட்டும் லேசாக ஆடும்போது எடுக்கலாம். கண்ணை நம்பாதவர்கள் தெர்மாமீட்டரை நடுவில் குத்திப் பாருங்கள்: 80 டிகிரி காட்டினால் சரி. முட்டையில் பயப்பட வேண்டிய சல்மோனெல்லா கிருமி 71 டிகிரியிலேயே செத்துவிடும்.

இங்கேதான் வகுப்பில் ஒரு கேள்வி வரும்: "அதான் நல்லா வெந்துருச்சே அக்கா, அப்புறம் எப்படிக் கெடும்?"

வெந்ததைத் தொடுகிற கை வேகவில்லையே! நம் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகவே இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி, டார்ட்டை அச்சிலிருந்து எடுக்கும்போது விரல் வழியாக ஏறிவிடும். பால், முட்டை, ஈரம் என்று அதற்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் பெருகும். நம் ஊர் மத்தியான வெயிலில் சில வகை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஸ்டெஃபிலோகாக்கஸ் விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. நாறாது, புளிக்காது, பார்வைக்கும் ஒன்றும் தெரியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி ஆரம்பித்த பிறகுதான் தெரியும்.

அதனால் ஆறியதும் ஐஸ்பெட்டிக்குள் (ஃப்ரிட்ஜ்) வைத்துவிடுங்கள். வெளியே இரண்டு மணி நேரம்தான் கணக்கு, வெயில் கொளுத்தினால் ஒரு மணி நேரம். இரவுச் சந்தையில் விற்பவர்கள் ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து, மேசையில் மாதிரிக்கு ஒன்றை மட்டும் வையுங்கள். அந்த ஒன்றை விற்காதீர்கள்.

விற்கிறவர்களுக்கு இன்னொன்று. 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி, உணவைக் கையாளுபவர்களுக்குப் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். ஊசி மூன்று வருஷத்துக்கு. "வீட்டில்தானே செய்கிறேன்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு ஆர்டர் எடுக்கும்போது நான் வாடிக்கையாளரிடம் நேராகவே கேட்பேன்: மேசை காலையிலிருந்து சாயங்காலம் வரை இருக்குமா? ஆமாம் என்றால், ஒரு தட்டில் பத்துப் பத்தாக எடுத்து வைக்கச் சொல்வேன், மீதி ஐஸ்பெட்டியில் இருக்கட்டும். அது முடியாது, ஆள் இல்லை என்றால் ஆர்டரையே நெய் பிஸ்கட்டுக்கு மாற்றிவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.