பூக்காத சீமைமாதுளைக்கு உரம் வைக்காதீர்கள்

இரண்டு வருடத்துக்கு முன்பு, மாசி மாதம். பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் போன்சாய்த் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் எங்கள் நர்சரிக்கு வந்தார். தொட்டியில் இருந்தது சீமைமாதுளை, அதாவது ஃபிளவரிங் குவின்ஸ். செடி ஒரு சாண் உயரம், ஏழெட்டுத் தண்டு, அங்கங்கே முள்.

"தம்பி, மூணு வருசமா வளக்கேன். ஒரு பூ காட்ட மாட்டேங்கு. என்னத்தப் போட்டா பூக்கும்?"

இதுவரை என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். டிஏபி, மீன் அமிலம், பஞ்சகவ்யம், முட்டை ஓடு, வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீர் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் கொஞ்சம் தயங்கி, "மார்கழி பூரா ராத்திரி தூர்ல ஐஸ்கட்டி வச்சேன்" என்றார். மகன் எதோ வீடியோவில் பார்த்துச் சொன்னாராம்.

ஐஸ்கட்டி யோசனையைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. மற்றதற்கெல்லாம் அதுவே தேவலை. யோசனை சொன்னவருக்குப் பாதி விஷயம் தெரிந்திருக்கிறது. ஃபிளவரிங் குவின்ஸ் சீனா, ஜப்பான் பக்கத்துப் புதர்ச்செடி. ஆப்பிள், ரோஜாவின் குடும்பம். குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டித் தூங்கி, குளிர் முடியும்போது வெறுங்கொம்பில் பூக்கும். அந்தத் தூக்கம் கலைய, சுமார் 7 டிகிரிக்குக் கீழே சில நூறு மணி நேரக் குளிராவது வேண்டும். அதுவும் மொட்டுக்கு வேண்டும், தூருக்கு அல்ல. நம் ஊரில் தை மாத ராத்திரியிலேயே 20 டிகிரிக்குக் கீழே போனால் அதிசயம். அரை மணி நேரத்தில் உருகுகிற ஐஸ்கட்டி, வேரைத்தான் திடுக்கிட வைக்கும்.

ஆக, நெல்லைச் சீமையில் இந்தச் செடி பூக்காதது நோயும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை. பூக்கவில்லை என்றதும் உரம், அப்புறம் இன்னும் கொஞ்சம் உரம். என்னிடம் சாகக் கிடந்து வந்த குவின்ஸ்களில் பாதிக்கு மேல் அன்பாக ஊட்டி ஊட்டிக் கெட்டவைதான்.

அந்த டீச்சரின் செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. ஊற்றுவது போர் தண்ணீர். இங்கே பல தெருக்களில் போர் தண்ணீர் கடினம். சுண்ணாம்புச் சத்து மண்ணில் ஏற ஏற, மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. முட்டை ஓடும் சுண்ணாம்புதான். டிஏபியில் இருக்கிற பாஸ்பரஸ் அளவுக்கு மிஞ்சினால் அதுவும் இரும்பை முடக்கும். மஞ்சளைப் பார்த்துச் சத்து போதவில்லை என்று மேலும் உரம் போட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சுற்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் மண்ணுக்குள் இருந்தது. தொட்டியைச் சாய்த்து, விளிம்பைச் சுற்றிக் கத்தியை ஓட்டி, வேர்க்கட்டியை வெளியே எடுத்தேன். மூங்கில் குச்சியால் மண்ணைக் கோதிவிட்டபோது, பக்கவேர் இரண்டில் சுண்டைக்காய் அளவுக்கு உருண்டைகள். கருணைக்கிழங்குத் தோல் மாதிரி சொரசொரப்பு. நகத்தால் அழுத்தினால் வெளிப்புறம் பொடிகிறது, உள்ளே கட்டை.

இதுதான் கழலை நோய். குவின்ஸ் போன்சாய் வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டியது பூவுக்கு அல்ல, இதற்கு. அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா வேர்க்காயம் வழியாக நுழைந்து, தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள்ளேயே செருகிவிடும். அதன்பின் அந்த செல்கள் தானாகவே பெருகும். அதனால்தான் கழலை வந்தபின் பாக்டீரியா மருந்து ஊற்றிப் பயனில்லை. வெட்டி எடுக்க வேண்டும். பக்கவேர் என்றால் கழலைக்கு மேலே, நல்ல கட்டை தெரிகிற இடத்தில் வெட்டலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். வெட்டியும் திரும்ப வரலாம். தண்டும் வேரும் சேரும் கழுத்திலேயே வந்திருந்தால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு செடியை எரித்துவிடச் சொல்வேன். அந்த மண்ணையும் வேறு தொட்டிக்குப் போடக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். நர்சரி தொடங்கிய புதிதில் ஒரு குவின்ஸுக்குச் சித்திரை வெயிலில் மண் மாற்றினேன். வெளியே கொட்டின மண் வீணாகிறதே என்று ரோஜாத் தொட்டிகளில் போட்டேன். அடுத்த வருடம் நாலு ரோஜாவின் தூரில் கழலை. ரோஜாவும் அதே குடும்பம் அல்லவா?

ஜப்பானில் மற்ற மரங்களுக்கு வசந்தத்தில் மண் மாற்றினாலும், குவின்ஸுக்கு மட்டும் இலையுதிர் காலத்தில் மாற்றுகிற பழக்கம் உண்டு. குளிரும் பருவத்தில் வேர்க்காயத்தில் இந்தத் தொற்று குறைவு என்பது அவர்கள் அனுபவம். நமக்கு அது ஐப்பசி கடைசி, கார்த்திகை என்று வைத்துக்கொள்ளலாம். மழை விழுந்து, காற்று தணிந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போதும், வேரில் கால் பங்குக்கு மேல் கத்தி படக் கூடாது. டீச்சர் வந்தது மாசி. பருவம் தப்புதான், ஆனால் கழலையை வைத்துக்கொண்டு ஐப்பசி வரை காத்திருக்க முடியாது.

மெல்லிய வேர்களில் பாசி கோத்த மாதிரி சின்னச் சின்ன முடிச்சு இருந்தால் அது வேறு, நூற்புழு. தக்காளி, கத்தரி போட்ட மண்ணை எடுத்துவந்து கலந்தால் அநேகமாக இது வரும். வேப்பம்புண்ணாக்கு கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் நம் ஊர் வெயிலையே மருந்தாக்கலாம்: மண்ணை நனைத்துப் பரப்பி, கண்ணாடி மாதிரியான பாலிதீன் ஷீட்டை மேலே இறுக்கமாக மூடி, அக்னி நட்சத்திரம் அடங்கலாக நாலைந்து வாரம் வெயிலில் போடுங்கள்.

மண்கலவையில் கரிசலும் வேண்டாம், வயல் வண்டலும் வேண்டாம். செங்கலை உடைத்துச் சலித்து மிளகளவுத் துண்டு இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலை உரம் ஒரு பங்கு. தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும். ஆனால் இந்தச் செடி தண்ணீர் குடிக்கிற செடி, காயப்போட்டால் நுனி கருகும். காருகுறிச்சி மண்பாண்டக்காரர்களிடம் சொல்லி ஆழமான தட்டுத்தொட்டி செய்து வாங்குகிறேன். மண்தொட்டி வேருக்குக் குளிர்ச்சி என்றாலும் சீக்கிரம் காயும். அதனால் வெயில் காலத்தில் ஈரமணல் பரப்பிய தட்டின்மேல் தொட்டியை வைக்கச் சொல்வேன். மொட்டைமாடித் தளத்தில் நேராக வைக்கவே வேண்டாம். காலை பத்து மணி வரை வெயில், அப்புறம் நிழல். ஆனி, ஆடிக் காற்றில் மறைப்பு வேண்டும். அந்தக் காற்று இலையைப் பிழிந்துவிடும்.

தண்ணீருக்கு ஐப்பசி மழையைத் தொட்டியில் பிடித்து வைப்பவர்கள் புத்திசாலிகள். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டில் அதையே ஒரு ராத்திரி வாளியில் வைத்து ஊற்றலாம்.

கம்பி கட்டுவதைப் பற்றி ஒரு வரி: முதிர்ந்த கொம்பு படக்கென்று முறியும், இளங்கொம்பில் மட்டும் கட்டுங்கள். மற்றபடி வெட்டித்தான் வடிவம். தூரிலிருந்து கன்று கிளம்பிக்கொண்டே இருக்கும், இது பிறவிப் புதர். ஒற்றைத் தண்டு மரமாக்கப் போராடுவதைவிட, மூன்றோ ஐந்தோ தண்டு விட்டுக் கூட்டமாக வளர்ப்பது அழகு.

ஆன்லைனில் 'ஜப்பானியப் பூ போன்சாய் விதை' என்று விற்பதை வாங்காதீர்கள். உண்மையான குவின்ஸ் விதையாகவே இருந்தாலும், முளைக்க அதற்கும் குளிர் வேண்டும்.

டீச்சரின் செடிக்குக் கழலையை வெட்டி, வேரைக் கழுவி, புது மண்ணில் வைத்து, மூன்று மாதம் உரமே இல்லாமல் போட்டோம். வைகாசியில் கொழுந்து பச்சையாக வந்தது. பூ வராது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அகராதியில் குவின்ஸுக்குச் சீமைமாதுளை என்று பெயர் உண்டு. சீமைப் பூ இல்லாவிட்டால் நம்மூர்ப் பூவாவது இருக்கட்டும் என்று குட்டை ரக மாதுளை ஒன்றையும் கையில் கொடுத்தனுப்பினேன்.

இந்தச் சித்திரையில் போன் செய்தார். மாதுளையில் ஏழு பூவாம், குவின்ஸ் பூவின் அதே சிவப்பு. "அப்ப குவின்ஸ யாருக்காவது குடுத்துரலாமா டீச்சர்?" என்றேன்.

"ஏன் தம்பி, இலை நல்லாத்தான இருக்கு? பத்து மணிக்கு நாந்தான் தூக்கி வேப்பமரத்தடியில வைக்கேன்" என்றார்.